முடங்கிய தளமும் திரும்பி வந்த மடலும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நாம், ஓரிடத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தவுடன் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்துவிடுகிறோம். சங்கத்திற்கென ஓர் அறை, அதில் ஒரு புத்தக அலமாரி, ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு, ஆண்டுக்கொரு பொங்கல் விழா என்ற அளவில் காரியங்கள் நடைபெறும். விழா அழைப்பை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்பணியைச் சங்கத்தின் இணையதளமும் மின்னஞ்சலும் செய்கின்றன. மாற்றலாகி வரும் ஒரு குடும்பம், வீடு பார்ப்பதற்கு முன்பே சங்கத்தின் தளத்தைத் தேடிப் பார்க்கிறது. தளம் கண்ணில் படாமற் போனால், அக்குடும்பத்தைப் பொறுத்தவரை அந்நகரில் சங்கமே இல்லை.

2023ஆம் ஆண்டு பொங்கலுக்கு ஆறு நாட்கள் முன்பு நம் சங்கத்திற்கு இந்நிலை நேர்ந்தது. தளத்தைத் திறந்தால் விழா அறிக்கைக்குப் பதிலாக, கடன் தருவதாகவும் வேலை தருவதாகவும் கூறும் விளம்பரங்கள் நிறைந்த ஒரு பக்கம் வந்து நின்றது. செயற்குழுவில் ஆளுக்கொரு காரணம் கூறினோம். சர்வர் கெட்டுவிட்டது என்றார் ஒருவர். வைரஸ் புகுந்துவிட்டது என்றார் மற்றொருவர். பொருளாளர் மட்டும், “பத்து நாட்களாகச் சங்கத்திற்கு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லையே, அதை யாராவது கவனித்தீர்களா?” என்று கேட்டார். ஒருவரும் கவனிக்கவில்லை. உண்மையில் அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. அதனை விளங்கிக்கொள்ள, தளம் என்று நாம் பொதுவாகக் கூறுவது எவற்றால் ஆயது என்பதை முதலில் காண வேண்டும்.

அது ஒரு பொருளன்று, மூன்று. முதலாவது பெயர்; இதனை டொமைன் என்கிறோம். இரண்டாவது, தளத்தின் பக்கங்களும் படங்களும் வைக்கப்பட்டுள்ள இடம். ஹோஸ்டிங் என்பது இது. மூன்றாவது, அப்பெயருக்கு வரும் மடல்களை வாங்கி வைக்கும் அஞ்சற்பெட்டி. இம்மூன்றையும் ஒரே நிறுவனத்திடமும் வாங்கலாம், மூன்று நிறுவனங்களிடமும் வாங்கலாம். எப்படி வாங்கினும் மூன்றும் வாடகைப் பொருள்களே. பெயரைச் சொந்தமாக வாங்கிவிட்டோம் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. காம், ஆர்க் போன்ற பெயர்களை ஒரே தவணையில் 10 ஆண்டுகளுக்கு மேல் எவரும் பதிந்துகொள்ள இயலாது. நம் நாட்டின் இன் என்று முடியும் பெயர்களையும், தமிழ் எழுத்திலேயே இந்தியா என்று முடியும் பெயர்களையும் நிக்ஸி என்னும் அமைப்பு நிருவகிக்கிறது. அங்கும் உரிமை குறித்த காலத்திற்கு மட்டுமே.

பெயரையும் இடத்தையும் இணைப்பது ஓர் அடங்கல் ஏடு. ஒரு காலத்தில் வலையில் இணைந்திருந்த கணினிகளின் பெயர்களெல்லாம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் ஒரே பட்டியலாக வைக்கப்பட்டிருந்தன. பட்டியல் பெருகிச் சமாளிக்க முடியாமற் போகவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் அதனைப் பல இடங்களில் பகுத்து வைக்கும் முறையை வகுத்தார். டி.என்.எஸ். என்று நாம் இன்று குறிப்பிடுவது அதுவே. அந்த ஏட்டில் தளம் இருக்கும் இடத்திற்கு ஒரு வரி உண்டு. மடல் சேர வேண்டிய இடத்திற்குத் தனியே ஒரு வரி உண்டு. 1986இல் வகுக்கப்பட்ட அதற்கு எம்.எக்ஸ். என்று பெயர். தளமும் மடலும் வெவ்வேறு இடங்களில் இருக்கலாம் என்பது இதனால்தான்.

ஆகவே கோளாறு நேர்ந்தவுடன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, மூன்றில் எது முடங்கியது என்பதே. தளமும் மடலும் ஒருசேர மறைந்தால் பெரும்பாலும் பெயர்தான் காலாவதியாகியிருக்கும். மடல் ஒழுங்காக வர, தளம் மட்டும் தெரியாவிட்டால், பழுது ஹோஸ்டிங்கில் இருக்கும். தளம் நன்றாக இருந்து மடல் மட்டும் வராவிட்டால், எம்.எக்ஸ். வரியையோ அஞ்சற்பெட்டியையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு பாகுபாட்டைச் செய்யாமல் வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்தால், பெயர் விற்றவர் இடம் விற்றவரைக் காட்டுவார். இடம் விற்றவர் மீண்டும் பெயர் விற்றவரைக் காட்டுவார்.

நம் சங்கத்தில் இரண்டும் மறைந்திருந்தன. பெயர் டிசம்பர் 28ஆம் தேதியே காலாவதியாகியிருந்தது. எவ்வளவு பெரிய நிறுவனத்திற்கும் இது நேரக்கூடியதே. 1999ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், ஹாட்மெயில் பயன்படுத்தியோரில் பலர் தங்கள் அஞ்சற்பெட்டிக்குள் நுழைய முடியாமல் திகைத்தனர். உள்ளே நுழைவதற்குத் துணைசெய்த பாஸ்போர்ட் என்னும் தளத்தின் பெயருக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 35 டாலர் கட்டணம் செலுத்தத் தவறியிருந்தது. மைக்கேல் சேனி என்ற நிரலாளர், தம் பணத்தைக் கட்டி அதை மீட்டார். அந்த நிறுவனத்தில் அன்று பணத்திற்கா பஞ்சம்? கணக்கைக் கவனிப்பவர் யார் என்பதே கேள்வி.

நம்மிடத்தும் அதே கேள்விதான் எழுந்தது. பெயரைப் பதிந்தவர் முன்னாள் செயலாளர். அவர் மத்திய அரசு ஊழியர். 2021இல் குவாஹாட்டிக்கு மாற்றலாகிச் சென்றுவிட்டார். தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்துவிட்டதாக அவர் கூறிச் சென்றது உண்மை, செய்திருந்ததும் உண்மை. ஆனால் அட்டைகளிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கி விதித்த புதிய நெறி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மீண்டும் பதிவு செய்யப்படாத பழைய ஏற்பாடுகள் பல நின்றுபோயின. அவருடையதும் நின்றது. பணம் பிடிபடவில்லை என்ற அறிவிப்பு எங்கே சென்றது? இங்கேதான் நாம் மிகவும் வெட்கப்பட நேர்ந்தது. அறிவிப்பு பெறுவதற்காகக் கொடுத்திருந்த மின்னஞ்சல், சங்கத்தின் மின்னஞ்சலே. காலாவதிக்கு முன் வந்த நினைவூட்டல்கள் எவரும் திறக்காத பெட்டியில் கிடந்தன. காலாவதியான பின் வந்திருக்க வேண்டியவையோ, பெயரே இல்லாததால் வரவே இல்லை. பூட்டிய வீட்டின் சாவியை அவ்வீட்டுக்குள்ளேயே வைத்த கதை இது.

பெரியவர்களும் இதனைச் செய்துள்ளனர் என்பது ஓர் ஆறுதல். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மறைந்திருந்தன. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு தவறான கட்டளையால், அந்நிறுவனத்தின் கணினி நிலையங்களுக்குச் செல்லும் வழிகள் அறுந்தன, அதன் டி.என்.எஸ். ஏடு உலகின் கண்ணுக்கு மறைந்தது. பழுதைச் சரிசெய்வதற்கான உட்கருவிகளும் அதே ஏட்டை நம்பியிருந்தமையால், பொறியாளர்கள் நேரில் கணினி நிலையத்திற்குச் சென்று வேலை செய்ய வேண்டியதாயிற்று.

பெயர் காலாவதியான மறுநாளே பறிபோய்விடுவதில்லை. காம், ஆர்க் போன்ற பெயர்களுக்குப் பொதுவாக 45 நாட்கள் வரை சலுகைக் காலம் உண்டு. அதன் பின் 30 நாட்கள் மீட்புக் காலம். அப்போது மீட்பதற்குப் பன்மடங்கு கட்டணம் கேட்பார்கள். அதன் பின்னும் ஐந்து நாட்கள் கழிந்தால் பெயர் எவர் கையிலும் சேரலாம். சலுகைக் காலம் எத்தனை நாள் என்பது பதிவு செய்யும் நிறுவனத்திற்கு ஏற்ப வேறுபடுமாதலால், இவ்வளவு நாள் இருக்கிறதே என்று அயர்ந்திருத்தல் கூடாது. இடையில் ஓர் எச்சரிக்கை: புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போது, முன்பின் அறியாத நிறுவனங்களிலிருந்து கட்டணச் சீட்டைப் போன்ற மடல்கள் வரும். அவற்றிற்குப் பணம் கட்டினால் பணம் போகுமேயன்றிப் பெயர் புதுப்பிக்கப்படாது.

இனி, பெயர் சரியாக இருந்தும் தளம் தெரியாத நிலையைக் காண்போம். திரையில் தோன்றும் எண்ணைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 404 என்றால் கேட்ட பக்கம் அங்கே இல்லை. 403 என்றால் பக்கம் இருக்கிறது, பார்க்க அனுமதி இல்லை. 500 என்றால் சர்வரில் இயங்கும் நிரல் இடறி விழுந்துள்ளது. வேர்ட்பிரஸ் தளங்களில் பெரும்பாலும் ஏதோ ஒரு துணைநிரலைப் புதுப்பித்தவுடன் இது நிகழும். கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறுவதே முதல் மருந்து. 503 என்றால் சர்வர் அப்போதைக்கு வேலை மிகுதியால் திணறுகிறது என்றோ, பராமரிப்பில் இருக்கிறது என்றோ பொருள்.

விசித்திரமான கோளாறு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஓர் உறுப்பினர் வீட்டில் மட்டும் சங்கத்தின் தளம் தெரியவில்லை. ஊரில் மற்ற அனைவருக்கும் தெரிந்தது. அவரே தம் கைப்பேசியில் வைஃபையை நிறுத்திவிட்டுப் பார்த்தால், அவருக்கும் தெரிந்தது. காரணம் அவருடைய பழைய கைப்பேசி. மேசை அறைக்குள் கிடந்த அது, மாற்றப்பட்டுவிட்ட கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சங்கத்தின் அஞ்சற்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. யாரோ திருடன் பூட்டைச் சோதிக்கிறான் என்று கருதிய சர்வர், அவ்வீட்டின் இணைப்பையே தடுத்துவிட்டது. ஆகவே தளம் தெரியவில்லை என்று எவரேனும் கூறினால், வைஃபையிலா, கைப்பேசி இணைப்பிலா என்று கேட்டுத் தெளிவது நன்று.

“இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று” என்ற எச்சரிக்கையும் பலரை அஞ்சி ஓடச் செய்கிறது. பெரும்பாலும் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருப்பதே காரணம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாக வழங்கி வந்த சான்றிதழுக்கு 90 நாட்களே ஆயுள். ஆயுட்காலம் மேலும் குறைந்துகொண்டே வருகிறது. 2029 மார்ச் முதல் எந்தச் சான்றிதழும் 47 நாட்களுக்கு மேல் செல்லாது என்று 2025இல் முடிவு செய்துள்ளனர். கையால் புதுப்பிக்கும் காலம் மலையேறிவிட்டது; ஹோஸ்டிங் நிறுவனம் தானாகப் புதுப்பிக்கிறதா என்று கேட்டே இடத்தை வாங்க வேண்டும். ஒரே கணினியில் மட்டும் இவ்வெச்சரிக்கை தோன்றுமாயின், அக்கணினியின் தேதியைப் பாருங்கள். மின்கலம் தீர்ந்து தேதி பின்னோக்கிச் சென்ற கணினிக்கு எல்லாச் சான்றிதழும் பொய்யாகவே படும்.

தமிழர்களாகிய நமக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. தளத்தை ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய பின் திறந்து பார்த்தால், தமிழ் முழுவதும் கொம்பும் புள்ளியும் இட்ட ஐரோப்பிய எழுத்துகளாக மாறியிருக்கும். யூடிஎஃப்-8 என்னும் இன்றைய முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டை எழுத மூன்று பைட்டுகள் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆக 15 பைட்டுகள். இவற்றை லத்தீன் முறையில் படிக்கும் தரவுத்தளம், பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் பிரித்துக் காட்டுகிறது. இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. 15 பைட்டுகளும் அப்படியே உள்ளன; சரியான முறையில் படிக்கச் செய்தால் தமிழ் மீண்டு வரும். ஆனால் எழுத்துகளுக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் தென்பட்டால், அங்கே தமிழ் பெரும்பாலும் அழிந்துவிட்டது. தமிழை அறியாத தரவுத்தளம், தன்னால் வைத்துக்கொள்ள இயலாதவற்றை எறிந்துவிட்டுக் கேள்விக்குறியைச் சேமித்துவிட்டது. பழைய பிரதி கையில் இருந்தாலன்றி அது திரும்பாது. எழுத்துகள் சதுரப் பெட்டிகளாகத் தெரிந்தாலோ, பார்ப்பவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பொருள், தளத்தில் குற்றமில்லை.

பழைய சங்க மலர்களை ஏற்ற முயலும்போது வேறொரு சிக்கல் எழும். 1999இல் அறிவிக்கப்பட்ட டாம், டாப் முறைகளிலோ டிஸ்கி முறையிலோ அச்சிட்ட கோப்புகள், அவ்வவ் எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்ட பின்னரே ஏற்ற வேண்டும். மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் படித்துப் பார்ப்பதும் அவசியம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும், மாற்றியில் வந்ததை அப்படியே ஏற்றி, அஞ்சலிக் குறிப்பு ஒன்றில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நின்றதைப் பின்னர் கண்டு வருந்தியதுண்டு.

மின்னஞ்சலுக்கு வருவோம். அனுப்பிய மடல் திரும்பி வந்தால், அதனுடன் ஓர் ஆங்கில அறிக்கை இணைந்திருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதனைப் படிக்காமலே அழித்துவிடுகிறோம். அதில் மூன்றிலக்க எண்ணைத் தேடுங்கள். 4 என்று தொடங்கினால் தடை தற்காலிகமானது. அனுப்பும் சர்வர் தானே மீண்டும் முயலும். 5 என்று தொடங்கினால் தடை நிலையானது. காரணத்தை நீக்காமல் திரும்பத் திரும்ப அனுப்புவதில் பயனில்லை. அப்படிப்பட்ட முகவரி இல்லை, பெட்டி நிரம்பிவிட்டது, உங்களை நம்பவில்லை என்பனவே இவற்றில் அடிக்கடி காணும் மூன்று காரணங்கள். பெட்டி நிரம்புவது மடல்களால் மட்டும் அன்று. பல ஹோஸ்டிங் திட்டங்களில் தளத்தின் படங்களும் மடல்களும் ஒரே இடத்தைப் பங்கிடுகின்றன. விழாவின் ஒளிப்படங்களை முழு அளவில் ஏற்றியதால் மடல் நின்றுபோன சங்கங்கள் உண்டு.

நம்பவில்லை என்பதே இன்று மிகப் பெரிய தடை. உறையின் மேல் எவர் பெயரையும் எழுதி அனுப்பலாம் என்பதே மின்னஞ்சலின் ஆதிக் குறை. அதை நீக்க மூன்று ஏற்பாடுகள் செய்துள்ளனர். இன்னின்ன சர்வர்கள் என் பெயரால் அனுப்பலாம் என்று டி.என்.எஸ். ஏட்டில் எழுதி வைப்பது எஸ்.பி.எஃப். மடலின் மீது அரக்கு முத்திரை போன்ற மின்முத்திரையை இடுவது டி.கே.ஐ.எம். இவ்விரண்டும் பொருந்தாத மடலை என்ன செய்யலாம் என்று பெறுவோருக்கு அறிவிப்பது டிமார்க். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்புவோர் எவரும் முதல் இரண்டில் ஒன்றேனும் வைத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர் மூன்றும் வைத்திருக்க வேண்டும். எஸ்.பி.எஃப். வரி ஒன்றுதான் இருக்கலாம். புதிய நிறுவனம் சொன்னபடி இரண்டாவது வரியைச் சேர்த்தால் இரண்டும் செல்லாமற் போகும். பலர் இடறும் இடம் இது.

தளத்தில் உள்ள தொடர்புப் படிவத்திலும் ஒரு குழி உண்டு. தமிழ் வகுப்பில் சேர விரும்பும் பெற்றோர் படிவத்தை நிரப்புகிறார். படிவம் அவருடைய முகவரியையே அனுப்புநராக இட்டு, சங்கத்திற்கு மடல் அனுப்புகிறது. நம் சர்வர் அவருடைய மின்னஞ்சல் நிறுவனத்தின் பெயரால் அனுப்பத் தகுதியற்றது. எனவே பெறும் சர்வர் அதனைப் போலி என்று எறிந்துவிடுகிறது. பெற்றோரின் திரையிலோ, “நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது” என்று தோன்றுகிறது. அனுப்புநர் இடத்தில் சங்கத்தின் முகவரியையும், மறுமொழி முகவரியாகப் பெற்றோரின் முகவரியையும் இட்டால் இது தீரும். சங்கத்திற்கு வரும் மடலைச் செயலாளரின் சொந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடும் வழக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. திருப்பிவிடும் சர்வர் முதல் அனுப்புநரின் பட்டியலில் இல்லையாதலால், நல்ல மடலும் ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். திருப்புவதைவிட, சங்கத்தின் பெட்டியையே கைப்பேசியில் திறந்து வைத்துக்கொள்வது மேல்.

நம் சங்கத்தின் கதைக்குத் திரும்புவோம். குவாஹாட்டியில் இருந்த முன்னாள் செயலாளர் மிகுந்த அன்புடன் உதவினார். ஆயின் அவரிடமிருந்த கடவுச்சொல் பழையது. புதிதாகப் பெறலாமென்றால், ஓ.டி.பி. அவர் கைவிட்டுவிட்ட பழைய கைப்பேசி எண்ணுக்குச் சென்றது. இறுதியில் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், செயற்குழுவின் தீர்மானம், அவருடைய ஒப்புதல் கடிதம் ஆகியவற்றை அனுப்பி, பத்து நாட்கள் கழித்து ஜனவரி 19ஆம் தேதி பெயரை மீட்டோம். கட்டணம் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. பொங்கல் விழா அதற்கு நான்கு நாட்கள் முன்பே, தொலைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட அளவில், பாதிக் கூட்டத்துடன் நடந்து முடிந்திருந்தது.

இப்போது பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதியப்பட்டுள்ளது. அறிவிப்புகள், சங்கத்தின் தளத்தைச் சாராத இரண்டு வெளி முகவரிகளுக்குச் செல்கின்றன. ஒன்று தலைவருடையது, மற்றொன்று பொருளாளருடையது. ஓ.டி.பி. வரும் எண், சங்க அறையில் உள்ள கைப்பேசியின் எண். மாற்றல் உத்தரவு பெறும் பொறுப்பாளர், அறைச் சாவியுடனும் கணக்குப் புத்தகத்துடனும் இவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி செய்துள்ளோம்.

பெயர் மீண்ட அன்று மாலையே, வழியில் தங்கியிருந்த மடல்கள் சில வந்து சேர்ந்தன. மடலைச் சேர்க்க இயலாத சர்வர்கள் பொதுவாக நான்கைந்து நாட்கள் வரை முயன்றுவிட்டே திருப்பி அனுப்பும். ஆகவே கடைசி நாட்களில் எழுதியோரின் மடல்கள் மட்டுமே கிடைத்தன. அதற்கு முந்திய இரண்டு வாரங்களில் எழுதியோர் யாவர் என்று அறிய வழியில்லை. தமிழ் வகுப்பிற்கு விண்ணப்பம் பெற்ற வாரங்கள் அவை. ஜனவரி முதல் தேதியிலிருந்து எழுதியவர்கள் அருள்கூர்ந்து மீண்டும் எழுத வேண்டும், வகுப்பில் இடம் வைத்துள்ளோம் என்று தளத்தின் முகப்பில் ஓர் அறிவிப்பை இட்டு, மார்ச் இறுதி வரை அதனை எடுக்காமல் வைத்திருந்தோம். நான்கு குடும்பங்கள் எழுதின.